டாக்டர் ஆகறதுக்கு முன்னாடி: வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கேள்வில பாதிக்கு மேல எம்பிபிஎஸ் படிக்கிற பிள்ளைங்களும் அவங்கள பெத்தவங்களும் அனுப்பினது. அதனால சுகர், பிரஷர் கேள்வியெல்லாம் அடுத்த மாசத்துக்கு தள்ளி வெச்சுட்டேன், கோச்சுக்காதீங்க.

கேள்வி: என் பொண்ணு அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். 7.5 சதவீத ஒதுக்கீட்டுல மெடிக்கல் சீட் கெடச்சுது, ஊரே வந்து மாலை போட்டுச்சு. இப்ப தினம் ராத்திரி போன் பண்ணி அழுவுறா. க்ளாஸ்ல ஒண்ணும் புரியலையாம், அனாடமி, அதான் உடற்கூறு பாடம், அதுல காலேஜ் இன்டர்னல் டெஸ்ட்ல ஃபெயிலாம், திரும்பி வந்துடறேன்றா. கூட்டிட்டு வந்துடட்டுமா?
– ஒரு அம்மா, ஆத்தூர்

பதில்: வேணாம்மா, கூட்டிட்டு வராதீங்க. நானும் தமிழ் மீடியம்தான். முதல் வைவால, அதான் வாய்மொழித் தேர்வுல, சார் கேட்ட கேள்விக்கு பதில் நெஞ்சு வரைக்கும் வந்துச்சு, வாய்க்கு வரல, ஏன்னா அது எனக்கு தமிழ்ல தெரியும். தெரியாதுன்னே எழுதிட்டாரு. அன்னிக்கு ஹாஸ்டல் பாத்ரூம்ல தண்ணிய தொறந்து விட்டுட்டு அழுதேன். எங்க காலத்துல இந்த ஒதுக்கீடும் கிடையாது, 2020ல வந்த சட்டம்தானே அது, ஃபீஸையும் இப்ப அரசாங்கமே கட்டுது. ஆனா அழுகை மட்டும் அப்படியேதான் இருக்கு போல.

ஒண்ணு மட்டும் பொண்ணுகிட்ட சொல்லுங்க. அனாடமில வர்ற வார்த்தைங்க இங்கிலீஷ் மீடியம் பிள்ளைங்களுக்கும் புதுசுதான், பாதிக்கு மேல லத்தீனும் கிரேக்கமும். கழுத்துல ஒரு தசை இருக்கு, பேரு ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்டு, கேட்டாலே மயக்கம் வரும். ஆனா பிரிச்சு பாத்தா ஸ்டெர்னம்னா நெஞ்செலும்பு, கிளைடோன்னா காரை எலும்பு, மாஸ்டாய்டுன்னா காதுக்கு பின்னாடி கைக்கு தட்டுப்படுற மேடு, அதாவது எங்க ஆரம்பிச்சு எங்க போய் முடியுதுன்னு அட்ரஸையே பேரா வெச்சிருக்காங்க. இப்படி பிரிச்சு தமிழ்ல புரிஞ்சுக்கிட்டு அப்புறம் இங்கிலீஷ்ல வாய் விட்டு சொல்லணும், ரூம்மேட்டை எதுத்தாப்ல உக்கார வெச்சு சொல்லணும். வைவாங்கறது வாய்க்கு நடக்கற பரீட்சை, மனசுக்குள்ள படிச்சா அங்க வந்து நிக்காது.

இன்டர்னல் ஃபெயிலுக்கெல்லாம் வருஷம் போயிடாதும்மா. யுனிவர்சிட்டி எக்ஸாம்லயே கோட்டை விட்டாலும் சப்ளிமென்டரி இருக்கு, முதல் வருஷத்துக்கு மொத்தம் 4 தடவை எழுதலாம். பயப்பட வேண்டியது அட்டெண்டன்ஸுக்குத்தான். தியரிக்கு 75, ப்ராக்டிகலுக்கு 80 சதவீதம் இல்லேன்னா பரீட்சைக்கே உக்கார விட மாட்டாங்க. அழுதுட்டு ரூம்லயே படுத்துடாம பாத்துக்கணும்.

இன்னொண்ணு அவளுக்கு இப்ப சொன்னா புரியாது, வார்டு போஸ்டிங் வந்தா தெரியும். எங்க பேட்ச்ல சிட்டில படிச்ச பையன் ஒருத்தன், செம ப்ரில்லியன்ட். ஒரு பாட்டி "மேலுக்கு முடியல தம்பி"ன்னு சொல்ல, இவன் மேலன்னா தலையா நெஞ்சான்னு தொட்டு தொட்டு கேட்டுட்டு இருந்தான். ஜுரம், உடம்புக்கு சுகமில்லன்னு அர்த்தம்னு நான் போய் சொன்னேன். நெஞ்சு கரிக்குதுன்னா வேற, நெஞ்சு அடைக்குதுன்னா வேற, கை மதமதங்குதுன்னா வேற, ஒரு மாசம் தள்ளிப் போச்சுன்னா அது முற்றிலும் வேற. இதெல்லாம் உங்க பொண்ணுக்கு நீங்க வளத்த வளர்ப்புலயே வந்துடுச்சு. நோயாளி சொல்றது புரிஞ்சாலே பாதி டயக்னோசிஸ் முடிஞ்சுது.

நீங்க போன்ல மார்க்கு கேக்காதீங்க, சாப்பிட்டியா, யார் கூட சாப்பிட்டேன்னு கேளுங்க. யார் கூடவும் இல்லன்னு பதில் வந்தா அதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம். தூங்கறதே இல்ல, சாப்பாடு இறங்கல, இருந்து என்ன பிரயோஜனம்ங்கற மாதிரி பேச்சு வந்துச்சுன்னா மறுநாள் வரைக்கும் காத்திருக்காம பஸ் ஏறிடுங்க, போற வழியிலேயே 14416க்கு போன் போடுங்க, மனநல ஆலோசனைக்கான அரசாங்க இலவச நம்பர், தமிழ்லயே பேசுவாங்க.

கேள்வி: டிசெக்‌ஷன் ஹால்ல, அதான் பிணத்தை அறுத்துப் படிக்கிற இடத்துல, முதல் நாளே மயங்கி விழுந்துட்டேன். இப்ப எல்லாரும் அதையே சொல்லி கிண்டல் பண்றாங்க. நான் இதுக்கு லாயக்கில்லையோ?
– முதலாமாண்டு மாணவர், நெல்லை

பதில்: காலைல சாப்பிடாம போயிருப்பீங்க தம்பி, சரியா? வெறும் வயிறு, ஒரே இடத்துல அசையாம நிக்கறது, பிணம் கெடாம இருக்கப் போடற ஃபார்மலின் நெடி வேற கண்ணை எரிக்கும், பிரஷர் குறைஞ்சு விழத்தான் செய்யும். நாலு இட்லி சாப்பிட்டுட்டு போங்க, முழங்காலை விறைப்பா பூட்டிக்கிட்டு நிக்காதீங்க, கண்ணு இருட்டற மாதிரி இருந்தா வெக்கப்படாம அங்கேயே உக்காந்துடுங்க. எங்க டேபிள்ல விழுந்தவர் இப்ப சர்ஜன், அவர் பேரை மட்டும் கேக்காதீங்க. ரெண்டு வாரத்துல அந்த நெடியோடயே பசி எடுக்க ஆரம்பிச்சிடும், அது இன்னும் பெரிய அதிர்ச்சியா இருக்கும்.

கேள்வி: எம்பிபிஎஸ் படிப்பு முடிச்சு ஒரு வருஷப் பயிற்சில, ஹவுஸ் சர்ஜனா இருக்கேன். நைட் டியூட்டில ரத்த சாம்பிள் எடுக்கும்போது ஊசி கைல குத்திடுச்சு. பிஜிகிட்ட (மேல்படிப்பு படிக்கிற சீனியர் டாக்டர்) சொன்னா திட்டுவாங்கன்னு சொல்லல. ரெண்டு நாளா தூக்கமில்ல.
– பேர் வேண்டாம்

பதில்: இதை படிக்கறதுக்குள்ள உங்களுக்கு தனியா பதில் அனுப்பிட்டேன், மத்தவங்களுக்காக இங்கயும் எழுதறேன். குத்தினா சோப்பு போட்டு ஓடுற தண்ணில கழுவணும், பிதுக்கக் கூடாது, வாயில வெக்கவே கூடாது. உடனே கேசுவாலிட்டில சொல்லணும். ஹெச்ஐவி தடுப்பு மாத்திரைய 2 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சா ரொம்ப நல்லது, 72 மணி நேரம் தாண்டிட்டா பிரயோஜனம் இல்ல, ஆரம்பிச்சா 28 நாள் முழுசா போடணும். ஹெச்ஐவி உள்ளவங்க ரத்தம் பட்ட ஊசி குத்தினாலும் தொத்தற வாய்ப்பு 1000ல 3 பேருக்குத்தான், மஞ்சக்காமாலை பி வைரஸ்தான் அதைவிட பல மடங்கு ஈஸியா தொத்தும். அதுக்கு 0, 1, 6 மாசக் கணக்குல 3 தடுப்பூசி போட்டாச்சான்னு போஸ்டிங் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பாத்துக்கோங்க. ஊசிக்கு திரும்ப மூடி போடற பழக்கத்தையும் இன்னிக்கே விட்டுடுங்க, நிறைய குத்து அங்கதான் நடக்குது.

திட்டுவாங்கதான், நான் இல்லேன்னு சொல்லல. 36 மணி நேரம் தொடர்ந்து நின்ன ஒருத்தர் இன்னொருத்தரை திட்டறது எல்லா வார்டுலயும் நடக்குது, அது சரின்னும் நான் சொல்ல மாட்டேன். ஆனா அங்க இருக்கற சீனியர் ஸ்டாஃப் நர்ஸ்கிட்ட "அக்கா, குத்திடுச்சுக்கா"ன்னு சொல்லிப் பாருங்க, அவங்களே கையைப் புடிச்சு குழாய்கிட்ட இழுத்துட்டு போவாங்க. எனக்கு முதல்முதலா வென்ஃப்ளான், அதான் டிரிப்ஸ் ஏத்த நரம்புல போடற ஊசிக்குழாய், போடக் கத்துக் குடுத்ததே ஒரு அக்காதான், புரொஃபசர் இல்ல.

கேள்வி: பையன் மூணாவது வருஷம் எம்பிபிஎஸ். சொந்தக்காரங்க கேட்டா ஒரு மாத்திரை கூட எழுதித் தர மாட்டேங்குறான். தலைக்கனமா?
– ஒரு அப்பா, திருவண்ணாமலை

பதில்: ஐயா, அவருக்கு இன்னும் எழுதித் தர உரிமையே இல்ல. நாலரை வருஷம் படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் ஹவுஸ் சர்ஜன், அதுக்கே தற்காலிகப் பதிவுதான், அதையும் முடிச்சு மெடிக்கல் கவுன்சில்ல நிரந்தரமா பதிஞ்ச பிறகுதான் சொந்தமா சீட்டு எழுதலாம். ஒழுங்கான பையனா வளத்திருக்கீங்க. லீவுல வந்தா மாத்திரை கேக்காம மீன் கொழம்பு வெச்சுக் குடுங்க, ஹாஸ்டல் மெஸ்ல என்ன குழம்புன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கே தெரியாது.