தக்காணப் பீடபூமியில் நிலநடுக்க அபாயத்தை எப்படி எடைபோடுவது?

"தக்காணம் அசையாத பழம்பாறை ஆயிற்றே, அங்கே வீடு கட்டுகிறவர் நிலநடுக்கத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் கவலைப்பட வேண்டும். பழைய கட்டடங்களின் உறுதியைச் சோதிக்கும் பொறியாளன் என்ற முறையில் சொல்கிறேன்.

1967 டிசம்பரில் மகாராஷ்டிரத்தின் கொய்னா அணைப் பகுதி குலுங்கியபோது, புதிதாக நிரம்பிய நீர்த்தேக்கம் தூண்டிவிட்டது என்று அதை ஒரு விதிவிலக்காக ஒதுக்கிவைக்க முடிந்தது. 1993 செப்டம்பர் 30 அதிகாலையில் அதே மாநிலத்தின் கில்லாரி கிராமத்தில் நடந்ததை அப்படி ஒதுக்க முடியவில்லை. ரிக்டர் அளவு 6-ஐச் சற்றே தாண்டிய நிலநடுக்கம். ஆயிரக்கணக்கானோர் தூக்கத்திலேயே மாண்டார்கள். நாட்டை நிலநடுக்க அபாயப்படி மண்டலங்களாகப் பிரிக்கும் அன்றைய வரைபடத்தில் அந்த ஊர் முதல் மண்டலத்தில், அதாவது மிகக் குறைந்த அபாயப் பகுதியில் இருந்தது. 2002-இல் வரைபடத்தைத் திருத்தியபோது முதல் மண்டலம் என்பதையே எடுத்துவிட்டார்கள். சென்னையும் இரண்டிலிருந்து மூன்றுக்கு ஏறியது.

நம் நாடு அமர்ந்திருக்கும் மாபெரும் பாறைப் பலகையான இந்தியத் தட்டு இன்னும் வடக்கே ஆசியாவை நெருக்கிக்கொண்டிருக்கிறது. அந்த அழுத்தம் இமயமலையோடு நின்றுவிடுவதில்லை. தக்காணத்தை மூடியிருக்கும் எரிமலைப் பாறைக்கு அடியில் புதைந்து கிடக்கும் பழைய பிளவுகளிலும் மெல்லச் சேர்கிறது. அப்படியொரு பிளவு மறுபடி நழுவ ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகலாம். நம் கையில் உள்ள பதிவுகளோ சில நூற்றாண்டுகளுக்கு மட்டுமே. ஆகவே "இங்கே இதுவரை வந்ததே இல்லை" என்ற பேச்சை நான் ஆதாரமாக ஏற்பதில்லை.

எப்போது வரும் என்பதை யாராலும் சொல்ல முடியாது. வந்தால் எது விழும் என்பதைச் சுவரைப் பார்த்தே சொல்லிவிடலாம். கில்லாரியின் கல்வீடுகளைப் பாருங்கள்: முக்கால் மீட்டர் கனமுள்ள சுவர், பார்வைக்குக் கோட்டை. ஆனால் வெளிமுகம் தனி, உள்முகம் தனி. நடுவில் சில்லுக் கல்லும் மண்ணும். இரு முகத்தையும் கோக்கும் நீளக்கல் கிடையாது. மேலே மரச் சட்டங்களின்மீது அரை மீட்டர் வரை மண் கூரை. குலுங்கியதும் இரு முகங்களும் ஆளுக்கொரு பக்கம் பிரிந்தன, கூரை அப்படியே உள்ளே இறங்கியது.

பழைய கல்வீட்டுக்குள் போனால் நான் முதலில் சுவரையொட்டிக் கண்ணை வைத்துப் பார்ப்பேன். நடுவில் வயிறு தள்ளியிருந்தால் முகங்கள் பிரியத் தொடங்கிவிட்டன என்று அர்த்தம். அடுத்தது மூலைகள்: அங்கே மேலிருந்து கீழாக ஓடும் விரிசல், சுவர்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளவில்லை என்று காட்டும். புதிதாகக் கட்டுகிறீர்கள் என்றால், கதவு ஜன்னல்களுக்கு மேலே லிண்டல் மட்டத்தில் எல்லாச் சுவர்களையும் சுற்றி, அறுபடாமல் ஒரு கான்கிரீட் பட்டை ஓடட்டும். வாசலுக்கு மேல் மட்டும் துண்டு துண்டாகப் போட்டுச் செலவை மிச்சம் பிடிக்காதீர்கள், அந்த மிச்சம் மிகச் சொற்பம்.

கில்லாரியில் 1992-இலேயே சிறு அதிர்வுகள் உணரப்பட்டன. உங்கள் ஊரிலும் அப்படித் தொடர்ந்து உணரப்பட்டு, நீங்கள் மண் கூரை வீட்டில் இருந்தால், பொறியாளர் வரும்வரை அந்தக் கூரையின்கீழ் படுக்காதீர்கள். அவர் வந்ததும் தக்க முட்டுக் கொடுத்து மண்ணை இறக்கச் சொல்லுங்கள். சுவரைப் பலப்படுத்துவதை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.