அம்மாவின் உடம்பில் அந்தப் பயம் இன்னும் ஓயவில்லை

கேள்வி: என் அம்மாவுக்கு 52 வயது. கோத்தகிரி பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறார். பத்து மாதத்துக்கு முன்னால், காலைப் பனிமூட்டத்தில் செடிகளுக்கு நடுவே நின்ற காட்டுமாடு அவரை முட்டித் தள்ளிவிட்டது. விலா எலும்பு கூடிவிட்டது, பயம் போகவில்லை. முதுகுக்குப் பின்னால் செடி சலசலத்தாலே வேர்த்துக் கொட்டுகிறது. ராத்திரி அலறி எழுந்துகொள்கிறார். கோவையில் ஒரு உளவியலாளர், கண்ணை அசைக்க வைத்துச் செய்யும் சிகிச்சை ஒன்றைச் சொல்கிறார். "மெஸ்மரிசமா? என் ஞாபகத்தையெல்லாம் அழிச்சிருவாங்களா?" என்று அம்மா கேட்கிறார். கண்ணை அசைத்தால் மூளைக்குள் என்னதான் நடக்கும்?
- பெயர் வேண்டாம், கோத்தகிரி

பதில்: அன்பு மகளே, முதலில் அம்மாவுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். இது மெஸ்மரிசம் இல்லை. அவர் முழு விழிப்போடு இருப்பார். போதும் என்று கை காட்டினால் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். ஞாபகமும் அழியாது. அந்தப் பனி, அந்த மாடு, எல்லாம் நினைவில் இருக்கும். இப்போது அது வெறும் நினைவாக இல்லை என்பதுதான் சிக்கலே.

நடந்ததற்கு இடமும் காலமும் சேர்த்து வைப்பதில் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. உயிர் பயத்தில் அமிக்டலா என்ற பகுதி அபாய மணி அடிக்கிறது. அட்ரினலின் பாய்கிறது. அந்தக் களேபரத்தில், இடமும் காலமும் சேர்க்கும் வேலை தடுமாறிப்போவதாகச் சொல்கிறார்கள். அந்த நேரத்துச் சத்தமும் வாசனையும் வலியும் தேதி இல்லாமல் துண்டு துண்டாகத் தங்கிவிடுகின்றன. அதனால்தான் காற்றில் இலை அசைந்தாலும் அம்மாவின் உடம்புக்கு அது அதே காலை, அதே மாடு. அவர் கோழை என்று யாராவது சொன்னால் தயவுசெய்து வாயை அடைத்துவிடு.

இந்தச் சிகிச்சைக்கு இ.எம்.டி.ஆர். என்று பெயர். அமெரிக்க உளவியலாளர் ஃபிரான்சின் ஷாப்பிரோ 1987-ல் உருவாக்கத் தொடங்கியது. உலக சுகாதார நிறுவனம் 2013-ல் இதைப் பரிந்துரைத்தது.

அறையில் நடப்பது இதுதான். அந்தக் காலையின் மிக மோசமான ஒரு நொடியை அம்மா மனதில் கொண்டுவர வேண்டும். எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று 0 முதல் 10 வரை ஓர் எண் சொல்ல வேண்டும். சிகிச்சையாளர் அவர் முகத்துக்கு எதிரே இரண்டு விரலை இடமும் வலமுமாக அசைப்பார். தலையைத் திருப்பாமல் கண் மட்டும் பின்தொடரும். அரை நிமிடம் போல. பிறகு நிறுத்தி, மூச்சு விடச் சொல்லி, "இப்ப என்ன தோணுது?" என்பார். முதலில் மாட்டின் கண் தெரியலாம். அடுத்த தடவை, ஓடிவந்து தூக்கிய பெண்களின் கை நினைவுக்கு வரலாம். எண் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும்.

ஏன் இறங்குகிறது? எடை போடும் இடத்தில் கிலோக் கணக்கை மனதில் வைத்திருக்கும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் கணக்கு கலங்கிப்போகும் இல்லையா, அது மாதிரி. நினைவைப் பிடித்துக்கொண்டே கண்ணையும் ஓட்டும்போது மூளையின் செயல்படு நினைவுக்கு, அதாவது அப்போதைக்கு ஒன்றை மனதில் பிடித்து வைக்கும் திறனுக்கு, இரண்டு வேலை, காட்சி மங்குகிறது. மங்கியபடியே திரும்பச் சேமிக்கப்படுகிறது என்பது இன்று பலர் ஏற்கும் விளக்கம். இப்படிக் கண்ணை அசைக்கும்போது அமிக்டலாவின் செயல்பாடு தணிவதை நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2018-ல் ஸ்கேனில் காட்டினார்கள். இதயத் துடிப்பு குறைவதும், தோலின் வியர்வை அடங்குவதும் அளக்கப்பட்டிருக்கின்றன.

கண்ணசைவு அவசியம்தானா என்ற வாதம் நிபுணர்களிடையே இன்னும் உண்டு. கைகளை மாறி மாறித் தட்டியும் செய்கிறார்கள். அதிர்ச்சிக்கென்றே உள்ள பேச்சு சிகிச்சையும் நன்றாகப் பலன் தருகிறது. அம்மாவுக்கு இது ஒத்துவராவிட்டால் வழி அடைந்துவிடவில்லை.

ஆனால் போனில் வீடியோ பார்த்து வீட்டிலேயே செய்யாதீர்கள், மகளே. காயத்தைத் திறப்பவருக்கு மூடவும் தெரிய வேண்டும். முறையான பயிற்சி பெற்றவரா என்று கேள். நல்ல சிகிச்சையாளர் முதல் நாளே விரலை அசைக்க மாட்டார். அம்மாவின் கதையைக் கேட்டு, பதற்றம் வந்தால் அமைதிக்குத் திரும்பும் வழியைப் பழக்கிவிட்டுத்தான் தொடங்குவார். வலிப்போ கண் கோளாறோ இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். ஓர் அமர்வு 60 முதல் 90 நிமிடம். அன்றிரவு கனவு கூடலாம், உடம்பு அசந்துவிடும். மறுநாள் வேலைக்கு அனுப்பாதே. நடுவில் தாங்க முடியாத இரவு வந்தால் 14416 என்ற டெலி மானஸ் அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், இலவசம்.

நீ கூடப் போ. திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரத்தை அம்மாவுக்குக் கொடு. மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறி முடிக்கும்வரை, உள்ளே என்ன நடந்தது என்று நீயாக எதுவும் கேட்காதே.