பிசிஆரில் மரபணு இருக்கிறது, பச்சை ஒளி மட்டும் இல்லை

நீங்கள் மரபணு ஏற்றிய புகையிலையின் முதல் தலைமுறைச் செடிகளில் நன்றாகத் தெரிந்த ஜிஎஃப்பி (பச்சையாக ஒளிரும் புரதம்) மூன்றாம் தலைமுறையில் மங்கிவிட்டது, பிசிஆரில் (டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்க்கும் சோதனை) மரபணு அப்படியே இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். விதையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மரபணு தொலையவில்லை, அடங்கியிருக்கிறது என்றே நினைக்கிறேன். நீங்கள் வைத்திருக்கும் 35எஸ் புரமோட்டர், அதாவது மரபணுவை இயக்கும் டிஎன்ஏ பகுதி, இதற்குப் பேர்போனது.

1990இல் ஜெர்மனியின் கொலோன் நகரில், மக்காச்சோளத்தின் ஏ1 என்ற நிற மரபணு ஏற்றிய பெட்டூனியாச் செடிகளை ஆயிரக்கணக்கில் வயலில் நட்டார்கள். செங்கல் நிறப் பூக்கள் கோடை வளர வளர வெளிறின. காரணம், 35எஸ் புரமோட்டரில் ஏறிய மெத்தில் குழுக்கள், அதாவது டிஎன்ஏவில் ஒட்டி மரபணுவை அடக்கும் சிறு வேதிக் குறிகள். தாய்ச்செடியின் முதல் பூக்களிலிருந்து வந்த விதைகளைவிட, கடைசியாகப் பூத்தவற்றின் விதைகளில் நிறம் இன்னும் குறைந்தது. அதனால் இனி முதல் பூக்களின் விதைகளைத் தனியாகச் சேர்த்து வையுங்கள்.

அப்புறம், சதர்ன் பிளாட் (டிஎன்ஏவை வெட்டிப் பிரித்து, குறிப்பிட்ட மரபணுவைத் தேடும் சோதனை) செய்து, மரபணுவின் எத்தனை பிரதிகள் செடியில் நுழைந்திருக்கின்றன என்று பாருங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால் அந்தச் செடி வழியை நம்பி மேலே போகாதீர்கள். ஒற்றைப் பிரதிதான் என்றால் புரமோட்டருக்கு பைசல்ஃபைட் வரிசையாக்கம் செய்யுங்கள், மெத்தில் எங்கெல்லாம் ஏறியிருக்கிறது என்று அது காட்டும். விலங்குகளுக்கான மென்பொருள்கள் பெரும்பாலும் சிஜி இடங்களை (சைட்டோசின் என்ற டிஎன்ஏ எழுத்தை அடுத்து குவானின் வரும் இடங்கள்) மட்டுமே எண்ணும். தாவரத்தில் மற்ற சைட்டோசின்களிலும் மெத்தில் ஏறும், அவற்றையும் கட்டாயம் எண்ணுங்கள்.

புரமோட்டரில் மெத்தில் இல்லையென்றால், மரபணுவின் நகலான ஆர்என்ஏ உருவான பிறகு சிதைக்கப்படுகிறதா என்று அறிய, அதற்கு அடையாளமான சிறு ஆர்என்ஏக்களைத் தேடுங்கள். பிளாட் படம் கிடைத்ததும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.