வாசகர் கேள்விகள்: தாய்வழியே இறங்கும் குடும்பக் கதை

கேள்வி: அமெரிக்கத் தென்மாநிலக் கறுப்பினக் குடும்பம் ஒன்றின் நாலைந்து தலைமுறைப் பெண்களைச் சொல்லும் நாவல்களை அடுத்தடுத்துப் படித்தேன். எல்லாவற்றிலும் கதை பாட்டி, அம்மா, மகள் என்றே இறங்குகிறது. அப்பாக்கள் வருகிறார்கள், போகிறார்கள். இது எழுத்தாளரின் தேர்வு மட்டும்தானா?

பதில்: தேர்வுதான். ஆனால் அதற்கு அடியில் ஒரு சட்டம் கிடக்கிறது. ஆங்கிலேயர் வழக்கப்படி பிள்ளைக்குத் தகப்பனின் நிலை. கறுப்பின அடிமைத் தாய்க்குப் பிறந்த எலிசபெத் கீ என்ற பெண், தன் தகப்பன் ஆங்கிலேயர் என்று காட்டி, அப்போது ஆங்கிலேயர் குடியேற்றமாக இருந்த வர்ஜீனியாவில் வழக்காடி, 1656-இல் விடுதலை பெற்றார். 1662-இல் அந்த வழியை அடைத்தார்கள்: தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை. எஜமானுக்கே பிறந்த பிள்ளையும் அவன் சொத்துக் கணக்கில் ஏறியது. தகப்பன் பெயரை எழுதும் தேவை யாருக்கும் இல்லாமல் போயிற்று. எஜமான் இறந்ததும் எடுக்கும் சொத்துப் பட்டியலில் மாடு, கலப்பை, கட்டில் வரிசையில் ஒரு பெண்ணின் பெயர் வரும். பக்கத்தில் அவள் கைக்குழந்தை, இருவருக்கும் சேர்த்து ஒரே விலை. காகிதத்தில் தப்பியது தாயும் பிள்ளையும் சேர்ந்த அந்த வரிதான். அதைப் பிடித்துக்கொண்டுதான் நாவல் நடக்கிறது.

லூசியானாவில் நடக்கும் கதை என்றால் பிள்ளைகளின் வயதையும் பாருங்கள். பத்து வயது நிறையாத பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து விற்க அங்கே சட்டத்தடை இருந்தது. மகளுக்கு ஒன்பது முடிகிறது என்று ஒரு வரி வந்தால் அந்தத் தாயின் வயிற்றில் என்ன நடக்கும் என்று யோசித்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கேள்வி: ‘குடும்ப ஆவணங்களைத் தேடி எழுதியது’ என்று முன்னுரைகள் சொல்கின்றன. அடிமையாக இருந்தவர்களுக்கு ஆவணம் ஏது?

பதில்: பிந்தைய ஆண்டிலிருந்து முந்தைய ஆண்டுக்குப் போகவேண்டும். 1900 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிறந்த மாதமும் ஆண்டும் உண்டு. பெண்களிடம் எத்தனை பெற்றாய், எத்தனை உயிரோடு இருக்கிறது என்றும் கேட்டிருக்கிறார்கள். பன்னிரண்டு, ஐந்து என்று அந்த இரண்டு கட்டங்களில் இருந்தால், அதற்குள் ஒரு நாவலே இருக்கிறது. 1890 ஏடுகள் 1921 தீவிபத்தோடு அநேகமாகப் போய்விட்டன. 1880-இல் வீட்டுத்தலைவருக்கு என்ன உறவு என்ற பத்தி உண்டு, 1870-இல் இல்லை. ஒரே கூரையின் கீழ் இருக்கிறாள் என்பதற்காக 1870 ஏட்டுப் பெண்ணை மனைவி என்றோ தாய் என்றோ எழுதிவிட்டால் வம்சமே தடம் மாறிவிடும்.

1870-தான் விடுதலை பெற்றவர்கள் எல்லோரும் பெயரோடு வரும் முதல் கணக்கெடுப்பு. அதற்கு முன்னே சுவர். 1860 அடிமை அட்டவணையில் எஜமான் பெயரின் கீழ் வயது, பால், நிறம் மட்டும். பொதுவாகப் பெயர் கிடையாது. சுவரைத் தாண்ட, 1870-இல் அந்தக் குடும்பத்துக்கு அக்கம்பக்கத்தில் நிலம் வைத்திருந்த வெள்ளையரைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் பெயரில் 1860 அட்டவணையை எடுத்து, ஒவ்வொருவர் வயதிலும் பத்தைக் கழித்து ஒப்பிடுங்கள். வயதெல்லாம் உத்தேசம், ஐந்தாறு ஆண்டு முன்பின் வரும். ஓரளவு பொருந்தினால் கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு, லூசியானாவில் பாரிஷ் என்பார்கள்) நீதிமன்றத்தில் அந்த எஜமான் குடும்பத்தின் உயில், சொத்துப் பட்டியல், விற்பனைப் பத்திரம் எல்லாவற்றையும் புரட்டவேண்டும். பெயர்கள் அங்கேதான் இருக்கும்.

பலரும் சறுக்குவது குடும்பப்பெயரில். கடைசி எஜமானின் பெயரைத்தான் வைத்திருப்பார்கள் என்று நம்பி அதே பெயர்க்காரரின் ஏட்டில் மாதக்கணக்கில் தேடுவார்கள். பழைய எஜமானின் பெயரையோ தகப்பனின் பெயரையோ தாங்களே தேர்ந்த பெயரையோ சூட்டிக்கொண்டவர்கள் நிறைய. இந்தச் சிக்கலுக்கு விடுதலை பெற்றவர்களுக்காக 1865 முதல் 1874 வரை நடந்த ஃப்ரீட்மன்ஸ் சேமிப்பு வங்கியின் பதிவேடுகள் பெரிய துணை. கணக்குத் தொடங்கியவரின் பெற்றோர், உடன்பிறந்தோர், சிலவற்றில் முன்னாள் எஜமான் பெயர்கூட இருக்கும்.

கேள்வி: பெயர்கள் குழம்புகின்றன. முதல் பக்கத்து வம்சாவளி மரத்தைப் பார்த்துப் பார்த்துப் படிக்கலாமா?

பதில்: வேண்டாம். யார் பிழைப்பார், யார் பிழைக்கமாட்டார் என்பதை அது முன்பே சொல்லிவிடும். நீங்களே ஒரு தாளில் தாய்க்குக் கீழ் மகளாக எழுதிவாருங்கள். ஒவ்வொருத்திக்கும் அடிமைமுறை ஒழிந்த 1865-இல் என்ன வயது என்பதைப் பக்கத்தில் குறித்தால் போதும்.

கேள்வி: இப்படியொரு நாவலை மொழிபெயர்க்கிறேன். வெள்ளைக்காரச் சிறுவன் சமையல்காரம்மாவை ‘ஆன்ட்’ என்கிறான். அத்தையா, சித்தியா, பெரியம்மாவா?

பதில்: மூன்றும் இல்லை. அங்கே அது உறவுமுறை இல்லை, மரியாதையும் இல்லை. கறுப்பினப் பெண்ணை ‘மிசஸ்’ என்று அழைக்க மறுத்த வெள்ளையர், வயதானவளுக்கு வைத்துக்கொண்ட சொல் அது. அத்தை என்று போட்டால் தமிழில் பாசம் வந்து உட்கார்ந்துவிடும். ‘ஆன்ட்’ என்றே விட்டு, வினைமுற்றை ஒருமையில் வையுங்கள்: ‘ஆன்ட், தண்ணி கொண்டா.’ அதே பெண்ணை அவள் பேத்தி அழைக்கும்போது மட்டும் தமிழ் உறவுச்சொல் வரட்டும். இப்படி மறுக்கப்பட்ட மரியாதைச் சொல் ஒன்றுக்காக உச்ச நீதிமன்றம்வரை போயிருக்கிறார்கள். 1963-இல் அலபாமா நீதிமன்றத்தில் மேரி ஹாமில்டன் என்ற கறுப்பினப் பெண், ‘மேரி’ என்று கூப்பிட்ட வழக்கறிஞருக்குப் பதில் சொல்ல மறுத்தார். ‘மிஸ் ஹாமில்டன்’ என்றால்தான் பேசுவேன் என்றார். அவமதிப்பு என்று தண்டித்தார்கள். 1964-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது.