பாதி மாருதி, பாதி புல்லட்: அண்ணாச்சியிடம் கேளுங்கள்

பாளையங்கோட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், பழைய மாருதி 800-இன் முன்பாதியையும் புல்லட் 350-இன் என்ஜின், பின்சக்கரத்தையும் இணைத்து ஒரு மூன்று சக்கர வண்டி செய்திருக்கிறார். அந்த வண்டியின் புகைப்படத்தைப் பார்த்தவர்கள் கேட்டவற்றுக்கு, வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்த மெக்கானிக்காகப் பதில் சொல்கிறேன்.

அண்ணாச்சி, நாலு சக்கரமாகவே செய்திருக்கலாமே? (அம்பாசமுத்திரம்)

செய்யலாம் தம்பி, வேலை இரட்டிப்பாகும். வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓடும், உள்சக்கரம் குறைவாக ஓடும். பின்னால் இரண்டு வைத்தால் அதைச் சமாளிக்க, இரண்டையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் வேண்டும். ஒற்றைச் சக்கரத்துக்குப் புல்லட்டின் செயினே போதும். இங்கிலாந்தில் 1909-இல் தொடங்கிய மார்கன் கம்பெனி இதே கணக்கில்தான் மூன்று சக்கர வண்டிகள் விற்றது.

ஆட்டோ மாதிரி கவிழ்ந்துவிடாதா? (மேலப்பாளையம்)

ஆட்டோவுக்கு முன்னால் ஒற்றைச் சக்கரம். வளைவில் பிரேக் பிடித்தால் பாரம் முன்பக்க ஓரத்துக்குப் போகும், தாங்க அங்கே சக்கரம் இருக்காது. இதில் அகலமே முன்னால்தான். அதற்காக ஆடிக்காட்டக் கூடாது!

உங்களுக்கு ரொம்பப் பிடித்தது எது? (களக்காடு)

எல்லோரும் பெயின்டைப் பார்க்கிறார்கள். நான் முன்சக்கரம் மாட்டுகிற நடுப்பகுதியை, அதாவது ஹப்பைப் பார்த்தேன். மாருதி 800 முன்சக்கரம் இழுத்து ஓடும் கார். என்ஜின் பின்னால் போய்விட்டதால், முன்சக்கரத்தைச் சுற்றுகிற டிரைவ் ஷாஃப்ட் தண்டுக்கு இனி வேலை இல்லை என்று முழுதாக உருவிவிட்டால் ஆபத்து. ஹப்பையும் பேரிங்கையும் இறுக்கிப் பிடிப்பதே அதன் வெளிமுனையும் நட்டும்தான். கொஞ்ச தூரத்திலேயே பேரிங் தளர்ந்து சக்கரம் ஆடும். இவர் அந்தத் தண்டின் சக்கரப் பக்க ஜாயின்டின் முனையை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை எடுத்துவிட்டு, நட்டை முறையாக முறுக்கியிருக்கிறார். வெளியே தெரியாத இடத்தில் இவ்வளவு கவனம் எடுத்தவரின் வெல்டிங்கை நான் தட்டிப் பார்க்கவே இல்லை. சரி, பொய் சொல்வானேன், தட்டினேன். சுத்தம்.

ரிவர்ஸ் உண்டா?

புல்லட் கியர்பாக்ஸில் ஏது? தனியாக ஒரு ஸ்டார்ட்டர் மோட்டாரைப் பின்சக்கரத்தோடு சேர்த்திருக்கிறார். ஹோண்டா கோல்டு விங் பைக்கிலும் ஸ்டார்ட்டர் மோட்டாரை வைத்து ரிவர்ஸ் கொடுத்தார்கள்.

என்ஜின் சூடாகாதா? (தச்சநல்லூர்)

ஆகும். காற்றில் ஆறுகிற என்ஜினை சீட்டுக்குப் பின்னால் அடைத்தால் வேறென்ன நடக்கும்? தகரத்தை மடக்கி இருபக்கமும் காற்று வழி விட்டிருக்கிறார். நம்மூர் சித்திரை வெயிலுக்கு அது காணாது, ஒரு ஃபேன் போடச் சொன்னேன்.

பாபநாசத்திலிருந்து காரையாறு வரை மலைப்பாதையில் ஏறுமா? (கல்லிடைக்குறிச்சி)

சுமார் 18 குதிரைத்திறன்தான். செயின் ஓடும் பின் பல்சக்கரத்தை (ஸ்ப்ராக்கெட்) பெரிதாக்கியிருப்பதால் மெதுவாக ஏறலாம். ஆனால் சாலைக்கே கொண்டுபோக முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள தயாரிப்பாளரின் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறைகூட உண்டு. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸையும் நம்ப முடியாது. இப்போதைக்கு அது மாமனாரின் தென்னந்தோப்புக்குள் மட்டும் ஓடுகிறது.

மொத்தச் செலவு எவ்வளவு அண்ணாச்சி? (வீரவநல்லூர்)

நானும் கேட்டேன். மதினி பக்கத்திலேயே நின்றதால், "அப்புறம் சொல்லுதேன்" என்றார்.