ஆட்டுக்குட்டி வாசலும் இஸ்மவேலின் வில்லும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ரோமனெஸ்க் (11, 12ஆம் நூற்றாண்டு ஐரோப்பியக் கட்டடப் பாணி) தேவாலய வாசல் சிற்பங்கள் எழுத்தறியாதவர்களுக்கான கல் பைபிள் என்றே படித்திருக்கிறேன். இப்போது அவற்றில் சிலுவைப்போர், மன்னர் பிரசாரம் என்றெல்லாம் எழுதுகிறார்கள். வேதக்கதையைச் செதுக்கிய கல்லில் அரசியல் இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்வது? நாமாக ஏற்றிச் சொல்வதுதானே அது?

ர.

அன்புள்ள ர.,

ஏற்றிச் சொல்வது நிறையவே நடக்கிறது. நான் முதலில் பார்ப்பது, சிற்பி வேத வசனத்தை விட்டு எங்கே விலகுகிறான் என்பதை.

ஸ்பெயினில் லெயோன் நகரத்து சான் இசிதோரோ தேவாலயத்தின் தெற்குப் பக்கத்தில் 'ஆட்டுக்குட்டி வாசல்' இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து வேலை. கதவுக்கு மேலே உள்ள அரைவட்டப் பரப்பில், உச்சியில் தேவதூதர்கள் ஏந்திய வட்டத்துக்குள் கிறிஸ்துவைக் குறிக்கும் தேவ ஆட்டுக்குட்டி. கீழே ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடப்போகும் காட்சி. வலது ஓரம் ஆபிரகாமின் மனைவியும் ஈசாக்கின் தாயுமான சாராள். இடது ஓரம் அடிமைப்பெண் ஆகாரும், ஆபிரகாமுக்கு அவள் பெற்ற மகன் இஸ்மவேல் வில்லோடு குதிரைமேலும்.

இடிப்பது இங்கேதான். பைபிளின் ஆதியாகமம் 21ஆம் அதிகாரத்திலேயே ஆகாரும் மகனும் துரத்தப்பட்டுவிடுகிறார்கள். பலி 22ஆம் அதிகாரத்தில். அங்கே அவர்களுக்கு வேலையே இல்லை. இஸ்மவேல் வில்வித்தையில் வல்லவனானான் என்று வசனம் சொல்வதால் வில்லைக்கூட விட்டுவிடலாம். குதிரையும் தலைப்பாகையும் எங்கிருந்து வந்தன? அம்பின் குறி ஏன் மேலே, ஆட்டுக்குட்டியின் பக்கம்? அக்காலத்து லத்தீன் வரலாற்றுக் குறிப்பேடுகள் முஸ்லிம்களை 'இஸ்மவேலர்', 'ஆகாரியர்' என்றே எழுதின. அடிமைப்பெண்ணின் மகனைப் புறம்பே தள்ளச் சொல்லும் வசனத்தைப் பவுல் கலாத்தியர் 4இல் எடுத்தாள்வதும் கையருகே இருந்தது. லெயோன் மன்னன் ஆறாம் அல்போன்சோ 1085இல் முஸ்லிம்களிடமிருந்து தொலேதோ நகரைப் பிடித்தான். மறு ஆண்டே சக்ராஹாஸ் போரில், வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அல்மொராவிது முஸ்லிம்களிடம் தோற்றான். அந்த ஊர்க்காரனுக்குக் குதிரை வில்லாளி யாரென்று விளக்க வேண்டியிருந்திருக்காது.

ஓர் உருவத்தை மட்டும் நம்பக் கூடாது, பக்கச் சான்றும் வேண்டும். இங்கே அது வாசலின் இருபுறமும் நிற்கிறது. ஒருவர் இந்தத் தேவாலயம் யார் பெயரில் இருக்கிறதோ அந்தப் புனிதர் இசிதோர். அவருடைய உடலை 1063இல் முஸ்லிம் ஆட்சியிலிருந்த செவில்லேவிலிருந்து கேட்டு வாங்கிக் கொண்டுவரச் செய்தவன் லெயோன் மன்னன் முதலாம் பெர்னாந்தோ. மற்றவர் பெலாயோ, 10ஆம் நூற்றாண்டில் மூன்றாம் அப்துர் ரஹ்மான் ஆட்சியில் கோர்தோபாவில் கொல்லப்பட்ட சிறுவன்.

பலர் சறுக்குவது காலக்கணக்கில். இதே வாசலுக்கு மேலே இசிதோர் குதிரையேறிப் போருக்குப் போகிறார். படம் எடுப்பவர்கள் அதையும் சேர்த்து ஒரே செய்தியாக வாசித்துவிடுகிறார்கள். அது 18ஆம் நூற்றாண்டில் ஏற்றி வைத்தது! பிரான்சின் வெஸ்லே தேவாலயத்திலும் இதே கதை. பெர்னார்ட் என்ற துறவி 1146இல் அங்கே இரண்டாம் சிலுவைப்போருக்கு அழைப்பு விடுத்தார் என்பதால், உள்ளே இருக்கும் நடுவாசல் சிற்பத்தை அந்தப் பிரசங்கத்தோடு முடிச்சுப் போடுகிறார்கள். சிற்பம் அதற்குப் பத்தாண்டுக்கு மேல் முந்தியது. முதல் சிலுவைப்போரோடு இணைத்தாலாவது காலம் பொருந்தும். அங்கே முகப்பின் வெளிவாசலில் இருப்பதோ 1856இல் செய்து வைத்த சிற்பம், அதை இந்தப் பேச்சிலேயே சேர்க்கக் கூடாது.

லெயோனில் இன்னொரு ஆசையும் வரும். அல்போன்சோவின் ஒரே மகன் சாஞ்சோ. அவன் தாய் ஸைதா, செவில்லே முஸ்லிம் அரசகுடும்பத்தின் மருமகள். அவன் 1108இல் உக்லேஸ் போரில் இறந்தான். மறு ஆண்டு அரியணை ஏறியவள் பட்டத்தரசியின் மகள் உர்ராகா. உடனே சாராளைப் பட்டத்தரசி என்றும் ஆகாரை ஸைதா என்றும் வைத்துப் பார்க்கத் தோன்றும். கதை கச்சிதமாகத்தான் பொருந்துகிறது. ஆனால் அரண்மனையைச் சுட்டும் அடையாளம் எதுவும் அந்தக் கல்லில் இல்லை, அதனால் நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன்.