நண்டு வலையில் ஆமை: கடற்றொழில் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில், வலையிலும் கூட்டிலும் தவறுதலாக மாட்டும் கடல் உயிர்கள் பற்றியவற்றை மட்டும் ஒன்றாக எடுத்திருக்கிறோம்.

ஐயா, நாலரை இஞ்சிக் கண் நண்டு வலை விடுகிறோம். ஆமையோ பெரிய திருக்கையோ மாட்டினால் அந்தத் துண்டு வலையே போய்விடுகிறது. நண்டு குறையாமல் வலையில் என்ன மாற்றம் செய்யலாம்?
– பாசையூர் வாசகர்

காசு குறைந்த மாற்றம் உயரத்தைக் குறைப்பதுதான். நண்டு நிலத்தோடு ஒட்டித் திரியும் சீவன். வலையின் மேற்பாதியில் அது மாட்டுவது குறைவு. அந்த மேற்பாதியில்தான் ஆமை வந்து முட்டுகிறது.

உயரத்தைக் கணக்குப் பார்க்கலாம். நாலரை இஞ்சிக் கண் 16 வைத்த வலையை இழுத்துப் பிடித்தால் 72 இஞ்சி. 100 மீற்றர் வலையை 50 மீற்றர் கயிற்றில் கோர்த்தால், கடலில் நிற்கும் உயரம் அந்த 72இல் ஏறத்தாழ 87 வீதம். அதாவது 62 இஞ்சி, ஐந்து அடிக்குச் சற்று மேல். அதையே 8 கண்ணாகக் குறைத்தால் 31 இஞ்சி. இரண்டரை அடி நண்டுக்குத் தாராளம்.

அடுத்தது தொய்வு. நண்டு நன்றாகச் சிக்கட்டும் என்று 100 மீற்றர் வலையை 40 மீற்றர் கயிற்றில் கோர்ப்பவர்கள் உண்டு. நண்டு சிக்கும், உண்மை. ஆனால் அந்தத் தொங்கல் வலையில் ஆமை துடுப்பை ஒருமுறை சுழற்றினால் மூன்று நான்கு சுற்றுச் சுற்றிக்கொள்ளும். திருக்கையின் முள்ளும் அப்படியே. போதாக்குறைக்கு, தொய்வு கூடினால் வலை உயர்ந்தும் நிற்கும். அதே 8 கண் வலை 33 இஞ்சிக்குப் போய்விடும். 100க்கு 50 தொடக்கம் 55 மீற்றருக்குள் நிறுத்துங்கள்.

மூன்றாவது மிதப்பு. மெக்சிக்கோவின் பாஹா கலிபோர்னியாவில் மேல்கயிற்று மிதப்புகளை எடுத்துவிட்டு வலை விட்டுப் பார்த்தபோது ஆமை மாட்டுவது 68 வீதம் குறைந்தது. மீன்பாட்டின் பெறுமதி விழவில்லை. இங்கே எல்லா மிதப்பையும் எடுக்கச் சொல்லமாட்டோம். சாதாளை, அதாவது கடற்புல், உள்ள தரையில் மிதப்பே இல்லாத வலை படுத்துவிடும். பிறகு நண்டு அதன்மேல் நடந்து போகும், வலை முழுக்கச் சாதாளை ஏறும். ஒன்று விட்டு ஒன்றாக மிதப்பைக் கழற்றுங்கள். தெளிந்த ஆழமில்லாத தண்ணீரில் ஒரு துண்டை விட்டு, இறங்கிப் பாருங்கள். வலை சாய்ந்தாவது நின்றால் போதும். தரையோடு படுத்தால் கழற்றியதில் சிலவற்றைத் திரும்பக் கட்டுங்கள். சோளகக் காலத்து நீரோட்டத்தில் இன்னும் சாய்ந்துபோகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஈயக்கயிற்றின் பாரத்தையும் கவனிக்க வேண்டும். ஆராய்ச்சிக்காக ஆமையை உயிரோடு பிடிப்பவர்கள் ஈயம் குறைந்த வலையைத்தான் பாவிக்கிறார்கள், மாட்டிய ஆமை வலையையும் தூக்கிக்கொண்டு மேலே வந்து மூச்செடுக்கட்டும் என்று. யாழ்ப்பாணக் கடல்நீரேரியின் ஆழமில்லாத பகுதிகளில் இது எங்களுக்கும் சாத்தியம். இரண்டு தலைப்பிலும் தடி குத்தி வலையை இறுக்கிக் கட்டாமல், தண்ணீர் ஆழத்தின் இரண்டு மடங்குக்குத் தளர்கயிறு விடுங்கள்.

வலை கிடக்கும் நேரம்தான் மிச்சம். அமைதியாக உறங்கும் ஆமை மணிக்கணக்கில் மூச்சடக்கும். வலையில் போராடும் ஆமை ஒரு மணித்தியாலத்துக்குள்ளேயே மூழ்கிச் சாகலாம். பொழுதுபட விட்டு விடியத் தூக்கும் வலையில் ஆமை பெரும்பாலும் செத்துத்தான் வரும். நடுவில் ஒருமுறை வலையோரம் போய்ப் பார்க்க முடிந்தால், கெடுவதற்குள் நண்டும் கைக்கு வரும்.

எல்லா வலையையும் ஒரேயடியாக வெட்டிவிடாதீர்கள். ஒரு பழைய துண்டு, ஒரு மாற்றிய துண்டு என்று மாறி மாறிக் கோர்த்து ஒரே இடத்தில் விடுங்கள். இரண்டின் நண்டையும் வேறு வேறு கூடையில் போட்டு நிறுங்கள். ஒரு பருவம் இப்படிப் பார்த்தால் சங்கத்தில் யாரும் உங்களோடு வாதாட வரமாட்டார்கள்.

வலையில் பச்சை லைற் கட்டினால் ஆமை வராது என்கிறார்கள். உண்மையா?
– பருத்தித்துறை வாசகர்

இரவு வலைக்கு உண்மை. பெருவின் செச்சூரா குடாவில் நிலத்தில் விடும் வலையின் மேல்கயிற்றில் 10 மீற்றருக்கு ஒன்றாகப் பச்சை எல்.ஈ.டி. விளக்குக் கட்டிப் பார்த்தார்கள். பேராமை மாட்டுவது 64 வீதம் குறைந்தது, தேடிப்போன மீன் குறையவில்லை. மெக்சிக்கோவில் நடந்து 2022இல் வெளியான சோதனையில் சுறா, திருக்கை வகைகள் மாட்டியது 95 வீதம் குறைந்தது. வலை தூக்கிக் கழிக்கும் நேரமும் பாதிக்கு மேல் மிச்சம். உங்களுக்கு அந்தக் கடைசிக் கணக்குத்தான் பிடிக்கும் என்று நினைக்கிறோம்.

ஆனால் திருக்கைக்கென்றே வலை விடுபவருக்கு இந்த லைற் வேண்டாத பொருள். மற்றவர்களும் செலவைப் பார்க்க வேண்டும். 1000 மீற்றர் வலைக்கு ஏறத்தாழ 100 விளக்கு. ஒன்றுக்கு இரண்டு பற்றரி என்றால் 200 பற்றரி. விளக்குப் பழுதாவதும் பெரும்பாலும் மூடியில்தான்: றப்பர் வளையத்தில் மணலோ உப்போ இருந்தால் தண்ணீர் உள்ளே போய் ஒரே இரவில் கறள் பிடிக்கும். ஒவ்வொரு முறை பற்றரி மாற்றும்போதும் வளையத்தைத் துடைத்து, சிலிக்கன் கிறீஸ் பூசி மூடுங்கள். விளக்கை ஒரு நுனியில் மட்டும் தொங்கவிட்டால் வலை தூக்கும்போது கண்ணுக்குள் புகுந்து சிக்கெடுக்கவே நேரம் போகும். இரண்டு நுனியையும் மேல்கயிற்றோடு ஒட்டக் கட்டுங்கள். முறித்து எறியும் இரசாயன ஒளிக்குச்சியை வாங்கவேண்டாம். அடுத்தநாள் அதுவும் கடலில்தான் மிதக்கும்.

ரோலருக்கு (இழுவைப் படகுக்கு) ஆமை விலக்கி பூட்டினால் தொழில் செய்ய விடுவார்களா?
– குருநகர் வாசகர்

இல்லை. 2017இல் கடற்றொழில் சட்டம் திருத்தப்பட்டபின் இலங்கைக் கடலில் அடிமட்ட இழுவை மடியே தடை. விலக்கி பூட்டிய மடிக்கும் அதில் விலக்கு இல்லை. ஆமை விலக்கி என்பது இழுவை வலைக்குள், மீன் சேரும் மடிக்கு முன்னால் சாய்வாக வைக்கும் கம்பிச் சட்டம். கம்பிக்குக் கம்பி 4 இஞ்சிக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது. ஆமை அதில் முட்டி, மேலோ கீழோ வெட்டிய வாசலால் வெளியே போகும். குஞ்சு மீனும் சிறு திருக்கையும் கம்பிக்கிடையால் மடிக்குள்ளேயே போகும், வலையின் அடிச் சங்கிலி சாதாளையைக் கிழிப்பதும் நிற்காது. இந்தியாவில் கொச்சி மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் இதற்கு ஒரு வடிவம் செய்து கொடுத்தும் ரோலர்களில் சரிவரப் பூட்டாததால், அங்கே கடலில் பிடித்த இறாலை அமெரிக்கா 2019இலிருந்து வாங்குவதில்லை.

தூக்கும்போது ஆமை அசைவில்லாமல் வருகிறது. செத்தது என்று கடலில் போடுவதா?
– மாதகல் வாசகர்

உடனே போடவேண்டாம். மூழ்கிய ஆமை மயங்கிக் கிடக்கும், செத்தது போலவே இருக்கும். அப்படியே தண்ணீரில் விட்டால் உண்மையாகவே மூழ்கிவிடும்.

வயிற்றுப்பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள். மல்லாத்திப் போட்டு நெஞ்சை அமுக்குவது பழைய பழக்கம், அது கூடாது. பின்பக்கத்தைக் குறைந்தது அரை அடி உயர்த்தி, அடியில் ஒரு கயிற்றுச் சுருளோ பழைய தயரோ வையுங்கள். நுரையீரல் தண்ணீர் வாயால் வடியும். ஓட்டின் இரு ஓரத்தையும் பிடித்து, ஒரு பக்கத்தை மூன்று இஞ்சி தூக்கி இறக்கி, பிறகு மற்றப் பக்கத்தை அப்படிச் செய்யுங்கள். நிழலில் வைத்து, ஈரச் சாக்கால் ஓட்டையும் துடுப்பையும் மூடுங்கள், மூக்கை மூடவேண்டாம். தண்ணீர்த் தொட்டியில் போடவே கூடாது. இடைக்கிடை கண்ணிமையையோ வாலையோ மெல்லத் தொட்டுப் பாருங்கள். சுருங்கினால் உயிர் இருக்கிறது. நாலு மணித்தியாலமாவது பொறுங்கள், 24 மணித்தியாலம் வரை எடுக்கலாம். தெளிந்தபின் இஞ்சினை நியூற்றலில் போட்டு, வலை இல்லாத பக்கமாகத் தலை முன்னே போக இறக்கிவிடுங்கள்.

இலங்கைக்கு வரும் ஐந்து வகைக் கடலாமையும் வனசீவராசிகள் சட்டப் பாதுகாப்பில் இருக்கின்றன. இறைச்சி, ஓடு, முட்டை எதை வைத்திருந்தாலும் குற்றம். ஆமையைத் தெளியவைக்க வள்ளத்தில் வைத்திருப்பதைப் பற்றிச் சங்கத்துக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டால், கரையில் வீண் கேள்வி வராது.

ஆழ்கடல் தூண்டிலில் ஆமை ஏறாமல் இருக்க?
– மயிலிட்டி வாசகர்

ஜே வடிவத் தூண்டிலை விட்டு 18/0 அளவு வட்டத் தூண்டிலுக்கு மாறுங்கள். இரையாகக் கணவாயை விட்டு முழு மீனைக் கொளுவுங்கள். அத்திலாந்திக்கில் இந்த இரண்டையும் சேர்த்துச் செய்தபோது பெருந்தலை ஆமை மாட்டுவது 90 வீதம் வரை குறைந்தது. கணவாய் றப்பர் போல இழுபடும், தூண்டிலைவிட்டுக் கழராது. ஆமை தூண்டிலோடு விழுங்கிவிடும். மீனை அது கடித்துக் கடித்துப் பிய்த்துத் தின்னும்.

கடற்பசுவுக்கு ஒலி எழுப்பும் கருவி வலையில் கட்டலாமா?
– ஊர்காவற்றுறை வாசகர்

காசை வீணாக்கவேண்டாம். சில வகை ஓங்கிலுக்கு அது வேலை செய்யும். அவுஸ்திரேலியாவில் கடற்பசுவுக்குப் போட்டுப் பார்த்தார்கள், அது பொருட்படுத்தவில்லை. கடற்பசு சில நிமிடத்துக்கு ஒருமுறை மூச்செடுக்க மேலே வரவேண்டிய சீவன், அதனால் வலையைப் போய்ப் பார்க்கும் இடைவெளியைக் குறைத்தும் காப்பாற்ற முடியாது. பெரிய கண் திருக்கை வலையைச் சாதாளைத் தரையில் விடாமல் இருப்பது ஒன்றே வழி. வத்தின் நேரம், அதாவது கடல்நீர் வற்றும்போது, சாதாளைக்குள் ஒரு சாண் அகலத்தில், வேரோடு பிடுங்கிய வெறும் மணல் கோடு வளைந்து வளைந்து போவதைக் கண்டால், கடற்பசு மேய்ந்த தடம் அது. அந்த இடத்தை விட்டுத் தள்ளி வலையைப் போடுங்கள்.

காற்றுக்கு மீன் கூடு அறுந்து போனால் உள்ளே மீன் மாட்டிக்கொண்டே இருக்குமா?
– நெடுந்தீவு வாசகர்

இருக்கும். செத்த மீன் இரையாகி அடுத்ததைக் கூப்பிடும். கம்பி இற்றுப்போகும் வரை இது ஓயாது. கூட்டின் பக்கச் சுவரில் ஒரு அடிச் சதுரக் கதவு வெட்டி, அதைச் சாயமோ தாரோ பூசாத பருத்தி நூலால் மட்டும் கட்டுங்கள். நூல் உக்கினால் கதவு தானாகத் திறக்கும். தும்புக் கயிறு வேண்டாம், உப்புத் தண்ணீரில் அது லேசில் உக்காது. சணல் பரவாயில்லை. கதவின் மேல் விளிம்பில் நைலோன் முடிச்சு ஒன்றுகூட இருக்கக்கூடாது, கீல் கீழ்ப்பக்கம் இருக்கட்டும். அப்போதுதான் பாரத்தில் வெளியே சாயும். தொழிலில் உள்ள கூட்டுக்கு நூலை ஒவ்வொரு மாதமும் கையால் இழுத்துப் பார்த்து, நைந்திருந்தால் மாற்றுங்கள். மடக்கு நண்டுக் கூடாக இருந்தால், பக்கச் சுவரின் அடியில் 35 மில்லிமீற்றர் உயரம், 45 மில்லிமீற்றர் அகலத்தில் ஒரு துவாரமும் விடுங்கள். தாய்லாந்தில் இந்த அளவால் குஞ்சு நண்டு வெளியேறியது.